எல்எஸ்ஸும் நானும் பட்ட பாடு

செங்கோட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸுக்குப் பைத்தான் என்கிற கணினி மொழியில் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். ஃபைல்களைத் தேதியோடு வரிசையாகக் காட்டும் ‘எல்எஸ் மைனஸ் எல்’ கட்டளை தரும் பட்டியலை ரெகெக்ஸால் (எழுத்துகளை ஒரு அச்சு வைத்துத் தேடும் முறை) பிரித்து, பழைய பில் ஃபைல்களை ஒதுக்க வேண்டும். நான் வைத்த அச்சு: மாசம், தேதி, மணிக்கு இரண்டு இலக்கம், முக்காற்புள்ளி, நிமிஷத்துக்கு மறுபடி இரண்டு இலக்கம். கச்சிதம் என்று நினைத்தேன்.

“தம்பி, லிஸ்ட் காலியால்லா வருது” என்றார் ஆபீஸ் அண்ணாச்சி. ஆறு மாதம் தாண்டிய ஃபைலுக்கு எல்எஸ் மணியைக் காட்டாது, அந்த இடத்தில் வருஷத்தைப் போட்டுவிடும். நான் தேடுவதே பழசைத்தானே!

சரி, திருத்தியாச்சு. அப்புறம் ஆரியங்காவு கிளையில் போட்டால் அங்கேயும் மக்கர். அந்த மெஷினில் மொழி மலையாளம். மாசப் பெயரும் மலையாளத்தில். எந்த மொழி எழுத்தையும் பிடிக்கும் என்று நம்பி, ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ’ என்கிற ரெகெக்ஸ் குறியைப் போட்டுப் பார்த்தேன். உயிர்க்குறி வந்ததும் பைத்தான் அங்கேயே நின்றுவிட்டது. அதன் கணக்கில் அது எழுத்தே இல்லையாம். (நம் தமிழ்க் கொம்புக்கும் காலுக்கும் இதே கதிதான்.)

கடைசியில் எல்எஸ்ஸைத் தலைமுழுகிவிட்டு, ஃபைலின் விவரம் சொல்லும் பைத்தானின் ‘ஓஎஸ் ஸ்டாட்’டிடம் நேரே தேதியைக் கேட்டேன். எட்டே வரி.

“இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லா?” என்கிறார் அண்ணாச்சி.