ரெசல்யூஷன் மாறுவது சிமாஸ் பேட்டரியால் அல்ல

அண்ணா, ரீஸ்டார்ட் செய்ததும் ஸ்கிரீன் ரெசல்யூஷன் மாறிவிட்டால் சிமாஸ் பேட்டரியை மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். மதர்போர்டில் இருக்கும் அந்தச் சின்ன பேட்டரி காப்பது கடிகாரத்தையும் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) அமைப்புகளையும்தான். ரெசல்யூஷனை விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியில், அதாவது டிஸ்க்கில் இருக்கும் தன் அமைப்புப் பதிவேட்டில் எழுதி வைக்கிறது. பேட்டரியைக் கழற்றினாலும் அது அழியாது.

டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸைத் திறந்து பாருங்கள். ‘மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்றிருந்தால் கிராபிக்ஸ் டிரைவர், அதாவது கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள், ஏறவில்லை. கார்டின் பெயரே சரியாக இருந்தால், அப்புறம் மானிட்டருக்கு வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். மானிட்டர் தன் அளவுகளைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வதே அந்த வயர் வழியாகத்தான். எங்கள் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை உப்புக்காற்றில் என் பழைய விஜிஏ கேபிளின் பின்கள் பச்சை பூத்திருந்தன. கேபிளை மாற்றியதும் 1920×1080 ரெசல்யூஷன் அப்படியே நிற்கிறது.