மாடல் ரயில்: ஓஓ அட்டைக் கட்டடம் எச்ஓவுக்கு அப்படியே பொருந்துமா?

மேலே ஒரு நண்பர், ஓஓ, எச்ஓ என்ற இரண்டு மாடல் ரயில் அளவுகளுக்கும் தண்டவாளம் ஒன்றுதான், அதனால் ஓஓ அட்டை ஸ்டேஷனை எச்ஓ லேஅவுட்டுக்கு அப்படியே பிரின்ட் போடலாம் என்கிறார். பலரும் ஆமோதித்திருக்கிறார்கள். முதல் பாதி சரி, இரண்டுக்கும் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.தான். ஆனால் அளவுவிகிதம் வேறு: எச்ஓ 1:87, ஓஓ 1:76.2. அந்தக் காலத்து மோட்டார் சிறிய பிரிட்டிஷ் எஞ்சினுக்குள் அடங்காததால் வண்டியை மட்டும் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தைத் தொடவில்லை. குழப்பத்தின் வேர் அதுதான்.

சோதிக்க ஸ்கேல் ஒன்று போதும். பிரின்ட் எடுத்த தாளில் கதவை அளந்து பாருங்கள். நிஜத்தில் 2 மீட்டர் கதவு எச்ஓவில் 23 மி.மீ., ஓஓவில் 26 மி.மீ. பக்கத்தில் எச்ஓ பொம்மை ஆளை நிறுத்தினால் வித்தியாசம் கண்ணிலேயே தெரியும். நானும் இங்கே மல்லேஸ்வரம் வீட்டில் இப்படி ஒரு ஸ்டேஷன் ஒட்டினேன். ஸ்டேஷன் மாஸ்டர் கோயில் வாசலில் நிற்கும் குழந்தை மாதிரி இருந்தார்.

ஓஓ பிடிஎஃப் என்றால், எச்ஓ அளவுக்குக் குறைக்க 87.5 சதவீதத்தில் பிரின்ட் போடுங்கள். ஜெராக்ஸ் கடையில் ‘ஃபிட் டு பேஜ்’ வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், அட்டையின் தடிமன் குறையாது, செருகும் பள்ளங்களைக் கொஞ்சம் அகலமாக வெட்ட வேண்டிவரும்.