மாதச் சம்பளம் ஹராமா?

மும்பை தாராவித் தமிழர்களின் வாட்ஸப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "வியர்வை உலருமுன் கூலி கொடு என்பது குர்ஆன் வசனம், அதனால் மாதச் சம்பளம் ஹராம் (மார்க்கத்தில் தடை)."

இரண்டுமே தவறு. அது குர்ஆனில் இல்லை. இப்னு மாஜா தொகுப்பில் உள்ள நபிமொழி (ஹதீஸ்). சரி, ஹதீஸ்தானே என்று ஒதுக்கவும் முடியாது. பேசிய தவணை வந்ததும் இழுத்தடிக்காதே என்பதுதான் அதன் பொருள். தவணை நாளா, வாரமா, மாதமா என்பது இருவரும் பேசி முடிவு செய்வது. குர்ஆனிலேயே (28:27) மூஸா நபியிடம் எட்டு ஆண்டு வேலைக்கு ஒப்பந்தம் பேசப்படுகிறது. தோல் பட்டறையில் வாரக்கூலி, அந்தேரி ஆபீஸில் மாதச் சம்பளம், எதிலும் குற்றமில்லை.

வேலையை முழுசாக வாங்கிவிட்டுக் கூலியை அமுக்குபவருக்கு மறுமையில் தானே எதிரி என இறைவன் சொல்வதாகப் புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அதை யாரும் ஃபார்வர்டு செய்யக் காணோம். முதலாளிகளும் குழுவில் இருப்பதாலோ என்னவோ!