அரக்குத் தட்டில் ஓபஸ் 131

மேற்கத்திய இசையின் பழைய பதிவுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், "அந்தக் காலத்து ஆட்கள் விரலை இழுத்து இழுத்து வாசிப்பார்கள், சுத்தம் போதாது" என்று யாராவது தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. வியன்னாவின் ரோஸே நால்வர் குழு (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ) 1927இல் வாசித்த பீத்தோவனின் ஓபஸ் 131ஐ, அதாவது அவரது 131ஆம் எண் படைப்பை, அவர்கள் முழுதாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஏழு பகுதிகள் கொண்ட படைப்பு அது. இடையில் நிறுத்தாமல், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நேராகப் போய்விட வேண்டும் என்றுதான் பீத்தோவன் எழுதினார். வாசித்து முடிக்கச் சுமார் 40 நிமிடம் ஆகும். அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கமோ நான்கு, நாலரை நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. நிற்கவே கூடாத இசையை இப்படித் துண்டு போட்டுத்தான் விற்றார்கள். முதல் பகுதியான ஃபியூக் (ஒரே மெட்டை ஒவ்வொரு வாத்தியமாக எடுத்துப் பின்னும் வடிவம்) முடிவதற்குள்ளேயே எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும். (அந்தத் தட்டுக்கான அரக்கு இந்தியாவிலிருந்து கப்பலேறியது. பாண்டவர்களுக்கு மாளிகை கட்டிய அதே அரக்கு!) வெட்டி ஒட்டும் வசதியும் அப்போது இல்லை. ஒரு சுரம் பிசகினால் அந்தப் பக்கம் முழுவதையும் மீண்டும் வாசிக்க வேண்டும், இல்லையென்றால் பிசகோடு விட்டுவிட வேண்டும். இன்று நூறு இடத்தில் ஒட்டுப்போட்ட பதிவைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது உறுத்தத்தான் செய்யும்.

அர்னால்ட் ரோஸே பிறந்தது 1863இல். பத்தொன்பது வயதில், 1882இல், குழுவைத் தொடங்கினார். இசையமைப்பாளர் பிராம்ஸின் ஓபஸ் 111 குவின்டெட்டை (ஐவர் வாசிக்கும் படைப்பு) 1890இல் முதன்முதலாக மேடையேற்றியது இவர்கள்தான். 1908இல் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இரண்டாவது குவார்டெட்டை (நால்வருக்கான படைப்பு) வாசித்துச் சபையின் கூச்சலை வாங்கிக்கொண்டதும் இவர்களே. பிராம்ஸே கேட்டுப் பழகிய கை அது. அந்தக் கை ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்கிப் போனால், அதைத் தவறு என்று சொல்ல நாம் யார்? அந்தச் சறுக்கல் எல்லா இடத்திலும் வருவதும் இல்லை. எங்கே இழுப்பது, எங்கே விரலைச் சட்டென்று வைப்பது என்று கணக்கு இருக்கிறது. விரலை அசைத்து நாதத்தை நடுங்கவைக்கும் அதிர்வையும் கறிக்கு உப்புப்போல அளந்துதான் சேர்க்கிறார். பாரிஸில் 1928இல் இதே படைப்பைப் பதிவுசெய்த வயலின் கலைஞர் லூசியன் காபே அதிர்வில் இன்னும் சிக்கனம். பல இடங்களில் நாதம் அசையாமல் நிற்கிறது. வயலின் கலைஞர் அடோல்ஃப் புஷ் குழுவின் 1936 பதிவைத்தான் பலரும் உச்சம் என்பார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் அவசரத்துக்குக் கை போவது ரோஸேயிடம்தான்.

காலம் முன்னேறியதால் அந்தப் பாணி தானாக உதிர்ந்துவிட்டது என்கிறார்கள். நான் ஓரளவுக்கே ஒப்புக்கொள்வேன். 1938இல் நாஜிகள் வியன்னாவுக்குள் நுழைந்ததும் யூதரான ரோஸே அரை நூற்றாண்டுக்கு மேல் பணியாற்றிய இசைக்குழுவிலிருந்து துரத்தப்பட்டு, எழுபத்தைந்தாவது வயதில் லண்டனுக்கு அகதியாகப் போனார். வாசித்தவர்களையே ஊரைவிட்டு விரட்டிய பிறகு பாணி எங்கே தங்கும்?

இன்னொரு வருத்தம், இரைச்சலைத் துடைத்தெடுத்த மறுபதிப்புகள். துடைக்கிற வேகத்தில் வயலினின் மேல்நாதமும் சேர்ந்து போய்விடுகிறது. இரைச்சல் இருக்கும் பதிப்பையே தேடுங்கள். முதலில் ஊசி உரசும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு, துணைக்கு யாரும் இல்லாமல், ரோஸேயின் வயலின் தனியாகத் தொடங்கும்.