அந்தப் படங்களில் விரிவது சிதறிய தூசி அல்ல

மேலே, 2002இல் திடீரென வெடித்துப் பிரகாசித்த வி838 மொனோசெரோடிஸ் என்ற விண்மீனின் ஹபிள் படங்களை வரிசையாகப் போட்ட தம்பி, "மோதிய இரண்டு விண்மீன்களின் தூசி சில மாதங்களில் பறந்த தூரத்தைப் பாருங்கள்" என்று எழுதியிருக்கிறார். விண்மீன்கள் இணைந்தன என்பது சரிதான். இன்று பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம் அது. ஆனால் 2002 மே முதல் டிசம்பர் வரை அந்த வட்டத்தின் விட்டம் 4 ஒளியாண்டிலிருந்து 7 ஒளியாண்டாகத் தெரிகிறது. எந்தத் தூசி ஒளியை விட வேகமாக ஓடும்?

அது ஒளி எதிரொலி. வெடிப்பின் வெளிச்சம், முன்பே சுற்றிலும் கிடந்த தூசியில் பட்டுத் தாமதமாக நம்மிடம் வருகிறது. ரம்பொடை மலைப்பாதை வளைவில் லொறி திரும்பும்போது அதன் விளக்கொளியில் பளிச்சென்று தெரியும் பனிமூட்டத்தை லொறியா கொண்டுவந்தது?

உண்மையில் வீசப்பட்ட வாயுவும் தூசியும் விண்மீனை ஒட்டியே இருக்கின்றன. குளிர்ந்து, அகச்சிவப்பில் ஒளிர்கின்றன. சிலியிலுள்ள அல்மா ரேடியோ தொலைகாட்டிகள் அங்கே காபனோரொட்சைட்டையும் கண்டிருக்கின்றன.

அப்புறம், "நுவரெலியாவில் வானம் தெளிந்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும்" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள் தம்பி. உச்சத்தில் இருந்தபோதே அதைப் பார்க்க பைனாகுலர் தேவைப்பட்டது.