பளபளன்னு இருந்தா நல்ல ரெக்கார்டாம்!

பழைய எல்பி (நீள இசைத்தட்டு) விக்கிறவங்களுக்கு ஒரே ஒரு வரிதான் தெரியும் போல: "சூப்பர் கண்டிஷன், ஒரு கீறல்கூட இல்லை." எதை வச்சுச் சொல்றீங்க? ஊசியை வச்சு ஒரு பக்கமாவது முழுசாக் கேட்டீங்களா? துணியால ஒரு துடை, நேரா ஃபிளாஷ் அடிச்சு ஒரு ஃபோட்டோ. அதுக்குப் பேர் பரிசோதனையா? நேரா அடிக்கிற வெளிச்சத்துல மெல்லிய கீறல் எதுவும் தெரியாது. இருட்டு அறையில ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டுல வச்சு, தட்டைச் சாய்ச்சுத் திருப்பிப் பாருங்க. அப்போ வண்டவாளம் வெளிய வரும்.

சரி, நிஜமாவே கீறல் இல்லைன்னு வச்சுக்குவோம். அப்பவும் அந்தத் தட்டு உருப்படாததா இருக்கலாம். தேய்ஞ்ச ஊசியால வருஷக்கணக்கா ஓட்டின ரெக்கார்டும் மேல பளபளன்னுதான் இருக்கும். அடி வாங்கியிருக்கிறது பாட்டைப் பதிச்ச, ஊசி ஓடுற பள்ளத்தோட சுவர். அது எங்க முதல்ல காட்டிக் கொடுக்கும்னா, கடைசிப் பாட்டுல. 12 அங்குலத் தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுத்து வேகத்துல சுத்தும்போது, வெளி ஓரத்துல நொடிக்கு சுமார் 50 செ.மீ. பள்ளம் ஊசிக்கு அடியில ஓடுது. லேபிள் பக்கம் வரும்போது அது 20 செ.மீ. சொச்சம்தான். அதே ஒரு நொடி இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்துக்குள்ள நெருக்கி வெட்டியிருக்கு. ஊசி தேய்ஞ்சிருந்தாலும் அது தட்டை அழுத்துற பாரம் தப்பா இருந்தாலும் முதல்ல நாசமாகிறது அந்த இடம்தான். "ஸ", "ச" எல்லாம் கிழியும், வயலின் உச்சத்துக்குப் போனா கரகரக்கும். எந்தத் திரவம் போட்டுக் கழுவினாலும் அது போகாது. அழுக்கால வர்ற படபடப்பு கழுவினா குறையும். 1.8 நொடிக்கு ஒரு தடவை, தாளம் தப்பாம "டிக்" கேட்டா அது கீறல், ஒரு சுத்துக்கு ஆகிற நேரம் அவ்வளவு. சத்தம் கூடுற இடத்துல மட்டும் கிழிஞ்சா அது தேய்மானம். விக்கிறவங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியணும்னு எதிர்பாக்கிறது அவ்வளவு பெரிய ஆசையா?

தட்டோட நிலைமைக்குத் தரம் போட கோல்ட்மைன் கிரேடிங்னு ஒண்ணு இருக்கு, உலகம் பூரா சேகரிக்கிறவங்க அதைத்தான் பேசுறாங்க. அதுல விஜி (வெரி குட்) போட்டாலே மெதுவான இடங்கள்ல இரைச்சல் கேட்கும்னு அர்த்தம். ஜி (குட்) போட்டா தேய்மானம் பாட்டு முழுக்கத் தெரியும். இங்க என்னன்னா, மேல் உறை அட்டை கிழியாம இருந்தா உடனே நியர் மின்ட், அதாவது ஏறக்குறைய புதுசு! அட்டைக்கு ஒரு கிரேடு, தட்டுக்குத் தனியா ஒரு கிரேடு போடணும். இதைக்கூடப் பண்ண மாட்டாங்க. "ஒரிஜினல் பிரஸ்ஸிங்" (முதல்ல அச்சான தட்டு)னு கூசாம எழுதுவாங்க, ஆனா லேபிளைச் சுத்தி இருக்கிற வெத்துப் பகுதியில பொறிச்ச, எந்த அச்சுன்னு காட்டுற மேட்ரிக்ஸ் நம்பரை ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கன்னா பதிலே வராது.

இதெல்லாம் போராடிக் கடந்து ஒரு நல்ல தட்டு கைக்கு வந்தா, அதைக் கொல்றதுக்குன்னே ஒரு பெட்டி பிளேயர் விக்கிறாங்க. சூட்கேஸ் மாதிரி மூடி, உள்ளயே ஸ்பீக்கர், பாக்க அழகு. ஊசியைத் தாங்குற டோன் ஆர்ம் பின்னாடி எடைக்கல் இருக்கானு பாருங்க. இருக்காது. பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியோட அசைவை மின்சாரமா மாத்துற பாகம்), ஊசி சுமார் 5 கிராம் அழுத்தும். காந்தத்தால வேலை செய்யுற ஒழுங்கான மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜுக்கு 1.5 முதல் 2.5 கிராம் போதும். அந்தப் பெட்டியில பாரத்தை மாத்த வழியே கிடையாது, ஊசி மேலயும் கீழயும் அவ்வளவா வளைஞ்சு கொடுக்கவும் செய்யாது. ஸ்டீரியோ பள்ளம் பக்கவாட்டுல மட்டும் இல்லை, செங்குத்தாவும் ஆடும். வளைஞ்சு கொடுக்காத ஊசி அந்த மேட்டையெல்லாம் செதுக்கிக்கிட்டே போகும். போதாததுக்கு ஸ்பீக்கர் அதிர்வு நேரா ஊசிக்கே ஏறுது. அரைநூற்றாண்டு தாக்குப்பிடிச்ச தட்டை இதுல போட்டு அரைக்கிறதைப் பாத்தா வயிறு எரியுது.

பழைய டர்ன்டேபிள் விக்கிறவங்க மட்டும் சளைச்சவங்களா? "டெஸ்டட், வேலை செய்யுது"ன்னா பிளேட்டர் (ரெக்கார்டை வைக்கிற வட்டம்) சுத்துதுன்னு மட்டும்தான் அர்த்தம். ஊசி எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு கேட்டா முழிப்பாங்க. வைர ஊசிக்கே 500 முதல் 1000 மணி நேரம்தான் ஆயுள். வாங்குறவங்க ஆர்மை மெதுவாப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, பேரிங்குல கடகடன்னு ஆட்டம் இருந்தா விட்டுடுங்க. எடைக்கல்லைத் திருகி ஆர்ம் கிடைமட்டமா மிதக்குதா பாருங்க, சிக்காம ரெண்டு பக்கமும் போகணும். அந்த நிலையில பார அளவைச் சுழியத்துல வச்சுட்டுத்தான் பாரம் ஏத்தணும். ஆட்டோமேட்டிக் மெஷின்னா உள்ள கிரீஸ் கட்டிப்போய் ஆர்ம் பாதியில நிக்கும். பெல்ட் தளர்ந்திருந்தா மாத்திடலாம், பிளேட்டரைச் சுத்த வைக்கிற ஐட்லர் சக்கரத்து ரப்பர் கெட்டியாகியிருந்தா தடதடன்னு அதிர்வு பாட்டுக்குள்ள வரும்.

இன்னொண்ணு யாருமே சொல்றதில்லை. மின்சாரத்தோட ஹெர்ட்ஸைப் பொறுத்தே வேகம் அமையுற ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் வச்ச மெஷின்ல, 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செஞ்ச புல்லி (மோட்டார்ல பெல்ட் ஓடுற சக்கரம்) 50 ஹெர்ட்ஸ்ல ஓடினா 33⅓ வேகம் 28-க்கும் கீழ இறங்கிடும். பாடுறவர் குரல் சோர்ந்து தொங்கும். அதுக்குப் புல்லியை மாத்தணும். அதை "பெல்ட் கொஞ்சம் லூஸ், அவ்வளவுதான்"னு சொல்லித் தலையில கட்டுறாங்க.

"சத்தம் கம்மியா வருது, ஆம்ப் சரியில்லை போல." இதுவும் அடிக்கடி கேட்கிற பொய். மூவிங் மேக்னட் தர்றது சில மில்லிவோல்ட்தான். ரெக்கார்டு வெட்டும்போது பாஸைக் குறைச்சு ட்ரெபிளை ஏத்தியிருப்பாங்க, ஃபோனோ ப்ரீஆம்ப் ஆர்ஐஏஏ வளைவுங்கிற தர அளவுப்படி அதைத் திருப்பிச் சரி பண்ணணும். அது இல்லாம ஆம்ப்போட ஆக்ஸ் சாக்கெட்ல குத்தினா தகரச் சத்தம்தான் வரும். உள்ளயே ப்ரீஆம்ப் இருக்கிற மெஷினை ஆம்ப்போட ஃபோனோ சாக்கெட்லயும் குத்தினா ரெண்டு தடவை பெருக்கி உறுமும். இந்த ஒரு வரியை விக்கும்போதே சொல்லிட்டா என்ன குறைஞ்சுடும்?

நிமிஷத்துக்கு 78 தடவை சுத்துற பழைய 78 தட்டுகளை எல்பியோட கலந்து விக்கிறவங்களே, அது பெரும்பாலும் ஷெல்லாக் (அரக்கு). ஆல்கஹால் பட்டா கரையும். அதை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டுப் பளபளக்க வச்சேன்னு பெருமை வேற! எல்பி ஊசி 18 மைக்ரான் சுமார், 78-க்கு 75 மைக்ரான் சுமார் வேணும். ஒரே ஊசியால ரெண்டையும் ஓட்டலாம்னு சொல்லி விக்காதீங்க.

பார்சல் பண்றப்போவாவது தட்டை உள் உறையோட வெளிய எடுத்து, அட்டைக்குப் பின்னாடி தனியா வைங்க. ரெண்டு பக்கமும் விறைப்பான கார்ட்போர்டு கொடுங்க. உள்ளயே விட்டு அனுப்பினா, வழியில ஒரு தடவை பார்சல் கீழ விழுந்தாலே தட்டோட விளிம்பு அட்டையோட ஒட்டின ஓரத்தைக் கிழிச்சுடும். அப்புறம் "நான் அனுப்பும்போது நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு சொல்ல வேண்டாம்.