ஓவருக்கு ஓவர் முடிவெட்டு

(தாம்பரம் பக்கம் ஒரு சலூன். அலமாரியில் பழைய டிரான்சிஸ்டர்; பேட்டரி மூடியை ஒரு ரப்பர் பேண்டுதான் பிடித்து வைத்திருக்கிறது. கிரிக்கெட் கமென்ட்ரி ஓடுகிறது. நாற்காலியில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ராமநாதன்.)

ராமநாதன்: என்னப்பா முருகேசா, மெஷினைக் காதோரம் கொண்டுவந்துவிட்டு நிறுத்திவிட்டாய்?

முருகேசன்: பௌலர் ஓடி வருகிறான் சார். மெஷின் ஓடினால் மீடியம் வேவில் கொர்ருன்னு ஒரே இரைச்சல். பந்து போட்டு முடிக்கட்டும்.

ராமநாதன்: ஒரு பக்கம் காது தெரிகிறது, இன்னொரு பக்கம் காடு மண்டிக் கிடக்கிறது!

முருகேசன்: ஓவர் முடிந்தால் கொஞ்சம் நேரம் கிடைக்கும். பின்கழுத்து முழுக்க அப்போது எடுத்துவிடலாம்.

ராமநாதன்: இதற்குத்தான் டிஜிட்டல் வேண்டும் என்கிறேன். மகனுடைய புதுக் காரில் டி.ஆர்.எம். என்கிற டிஜிட்டல் ரேடியோ இருக்கிறது. அதே ஆகாசவாணி, அதே மீடியம் வேவ், ஆனால் எஃப்.எம். மாதிரி தெளிவு. ஒரே அலைவரிசைக்குள் ரெண்டு மூன்று நிகழ்ச்சி. என்ன ஓடுகிறது என்று திரையில் எழுத்தே வரும்.

முருகேசன்: வீட்டுக்கும் ஒன்று வாங்கிவிட வேண்டியதுதானே?

ராமநாதன்: கடையில் கேட்டால் "அப்படின்னா என்ன சார்?" என்று என்னையே கேட்கிறான். பெரும்பாலும் காரில்தான் கிடைக்கிறது.

முருகேசன்: அப்போ நீங்கள் எங்கே கேட்கிறீர்கள்?

ராமநாதன்: (குரலைத் தாழ்த்தி) போர்ட்டிகோவில் நிற்கும் காருக்குள் போய் உட்காருவேன்.

முருகேசன்: வண்டி எங்கேயும் போகாமலா?

ராமநாதன்: வீட்டுக்காரி காபியைக் கண்ணாடி வழியாக நீட்டுகிறாள், திட்டிக்கொண்டே. நேற்று பேட்டரி இறங்கிவிட்டது. இல்லாவிட்டால் இந்த வெயிலில் நடந்து வருவேனா?

முருகேசன்: என் பெட்டிக்கு ரெண்டு கட்டை போதும் சார். டீக்கடை, தையல் கடை, பம்புசெட், எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். சத்தம் குறைந்தால் லேசாகத் திருப்பி வைத்தால் சரி.

ராமநாதன்: நார்வேயில் 2017-லேயே தேசிய எஃப்.எம். ஒலிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறிவிட்டார்கள், தெரியுமா?

முருகேசன்: பழைய கார் வைத்திருந்தவர்கள்?

ராமநாதன்: அடாப்டர் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

முருகேசன்: அந்த ஊரிலும் செலவு கேட்கிறவன் தலையில்தானா!

(டிரான்சிஸ்டரில் கூட்டம் அலறுகிறது.)

முருகேசன்: அவுட்!

ராமநாதன்: பொறு, போனிலும் ஆப்பில் இதையேதான் போட்டிருக்கிறேன்... இதில் இன்னும் பௌலர் பந்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்!

முருகேசன்: இங்கே ஆளே பெவிலியன் போய்விட்டான் சார்.

ராமநாதன்: இணையத்தில் வருவது அப்படித்தான், அரை நிமிடம்கூடப் பின்தங்கும். காரில் சில நொடிதான். குரலை எண்ணாக்கி, சுருக்கி, சீட்டுக் குலுக்குகிற மாதிரி கலைத்து அனுப்புகிறார்கள். வழியில் கொஞ்சம் தொலைந்தாலும் சரிக்கட்டிக்கொள்ளும். இந்தப் பக்கம் திரும்ப அடுக்க நேரம் வேண்டாமா?

முருகேசன்: அப்போ காரில் இருப்பவருக்கு எல்லாமே பழைய செய்திதான்.

ராமநாதன்: (திடீரென்று நிமிர்ந்து) முருகேசா, இந்தப் பெட்டியில் இயர்போன் ஓட்டை இருக்கிறதா?

முருகேசன்: இருக்கிறது. ஏன் சார்?

ராமநாதன்: ஞாயிற்றுக்கிழமை சகலை வருகிறார். அவரைக் காரில் உட்காரவைத்து கமென்ட்ரி போட்டுவிடுகிறேன். நான் ஜன்னலோரம், துண்டுக்குள் இயர்போனோடு. பந்துக்குப் பத்து ரூபாய் பந்தயம்.

முருகேசன்: பாதி எனக்கு. இப்போது தலையைக் குனியுங்கள், அடுத்த ஆள் பேட்டோடு உள்ளே வருவதற்குள் அந்தக் காட்டை அழித்துவிடுகிறேன்.